நிரப்ப மறுக்கும் பெட்டகம்: போலிக் கடை மின்னஞ்சல்களுக்கு முன்னால் பிட்வார்டன்

நம் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து, உள்நுழையும்போது தாமே நிரப்பும் கடவுச்சொல் மேலாளர்களுக்கு மதிப்புரை எழுதுபவர்கள் பெரும்பாலும் அவை எவ்வளவு விரைவாக நிரப்புகின்றன, எத்தனை கருவிகளில் இயங்குகின்றன என்பதையே அளந்து சொல்கிறார்கள். பிட்வார்டனை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நான் அதை வேறொரு கோலால் அளக்க விரும்புகிறேன். இணையக் கடைகளின் வேடத்தில் வரும் தூண்டில் மின்னஞ்சல்களிடமிருந்து அது ஒருவரை எந்த அளவுக்குக் காக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதே என் கேள்வி. நிரப்புவதற்காக நிறுவிய மென்பொருள் ஒரு நாள் நிரப்பாமல் நின்றது. அன்றுதான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

அன்று காலை ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன். நான் வாடிக்கையாகப் பொருள் வாங்கும் கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. விலை உயர்ந்த கேமரா ஒன்றை நான் வாங்கியதாகவும், அது எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு இன்னும் சில மணி நேரத்தில் அனுப்பப்படவிருப்பதாகவும், இந்த ஆர்டர் என்னுடையது இல்லையென்றால் கீழுள்ள பொத்தானை அழுத்தி ரத்து செய்யலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. கடையின் சின்னம், எழுத்துரு, ஆர்டர் எண்ணின் அமைப்பு, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் தனியுரிமைக் குறிப்பு என எதிலும் குறை சொல்ல முடியாது. பொத்தானை அழுத்தினேன். வழக்கமான உள்நுழைவுப் பக்கம் திறந்தது. ஆனால் மின்னஞ்சல் கட்டத்தைத் தொட்டவுடன் அதன் கீழே வழக்கமாக விரியும் பிட்வார்டன் பட்டியலில் அன்று என் கணக்கு இல்லை. மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிச் சலித்துக்கொண்டேன். சேமித்தவை இருக்கும் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சொல்லை நகலெடுக்கக் கை போன பிறகே முகவரிப் பட்டையைப் பார்க்கத் தோன்றியது. கடையின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோடும், அதற்குப் பின்னால் ‘ஆர்டர்கள்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. அது அந்தக் கடையின் தளம் அல்ல.

ஆக, என் கண் ஏமாந்த இடத்தில் மென்பொருள் ஏமாறவில்லை. அதற்குக் கூடுதல் அறிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. சின்னத்தையும் வண்ணத்தையும் பார்க்கும் கண் அதற்கு இல்லை என்பதே காரணம்.

பிட்வார்டன் 2016இல் வெளிவந்த, நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறமூலக் கடவுச்சொல் மேலாளர். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி உள்ளிட்ட உலாவிகளுக்கு நீட்சியாகவும், கைபேசிகளுக்குச் செயலியாகவும் கிடைக்கிறது. கட்டணமில்லாத கணக்கிலேயே கடவுச்சொற்களின் எண்ணிக்கைக்கும் கருவிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கிடையாது. பெட்டகத்தில் உள்ளவை நம் கருவியிலேயே மறையாக்கம் செய்யப்பட்ட பிறகுதான் நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகின்றன. இவையெல்லாம் நல்ல குணங்கள் என்றாலும் இந்த மதிப்புரைக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் அது எந்தத் தளத்துக்கு உரியது என்ற முகவரியும் சேர்த்து வைக்கப்படுகிறது. இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் டொமைனும் (முகவரியில் தளத்தின் உரிமையாளரைக் காட்டும் பகுதி) பெட்டகத்தில் உள்ள டொமைனும் ஒத்துப்போனால் மட்டுமே அந்தக் கணக்கு நிரப்பத் தயாராகப் பட்டியலில் தோன்றும். ஓர் எழுத்து மாறினாலும் அதன் கணக்கில் அது வேறு இடம்.

இது எளிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் உலாவிகள் தரும் மற்றொரு பாதுகாப்போடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை புரியும். கூகுளின் சேஃப் பிரவுசிங் போன்ற சேவைகள் கெட்ட தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் உள்ள தளத்துக்கு நாம் போனால் சிவப்புத் திரையை விரித்துத் தடுக்கின்றன. பட்டியல் என்று வந்துவிட்டால், யாராவது ஒருவர் முதலில் ஏமாறவோ கண்டுபிடிக்கவோ வேண்டும். பிறகுதான் அந்தத் தளம் பட்டியலில் ஏறும். தீங்கான தளம் ஒன்றின் சராசரி ஆயுள் 10 நிமிடத்துக்கும் குறைவு என்று கூகுளே 2024இல் குறிப்பிட்டது. அதுவரை 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட பட்டியலை நம்பியிருந்த குரோமின் இயல்பான பாதுகாப்பு, அந்த ஆண்டு மார்ச்சில்தான் உடனுக்குடன் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. பிட்வார்டனின் வழி இதற்கு நேர் எதிரானது. கெட்டவர்கள் யார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. நல்ல இடம் எது என்று ஒருமுறை சொல்லி வைத்திருக்கிறோம். மற்ற எல்லாமே அதற்கு அந்நியம். ஐந்து நிமிடத்துக்கு முன் பிறந்த போலித் தளமும் ஐந்து மாதமாக இயங்கும் போலித் தளமும் அதன் முன் ஒன்றுதான்.

நியாயமாகச் சொல்வதானால் இந்தக் குணம் பிட்வார்டனுக்கு மட்டும் உரியதன்று. உலாவிகளில் உள்ளமைந்த கடவுச்சொல் மேலாளர்களும் டொமைனைப் பார்த்தே நிரப்புகின்றன. ஒரே உலாவியை மட்டும் பயன்படுத்துபவருக்கு அதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். நான் பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்த ஒப்பீடு எப்படி நடக்க வேண்டும் என்பதை அது பயனரின் கையில் விட்டிருப்பதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணை நம்பக் கூடாது என்று எழுதும்போது, கவனமாகப் பார்த்தால் போலியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புபவர்களின் எதிர்ப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படி நம்பியவன்தான். ஆனால் எதைக் கவனமாகப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல். மின்னஞ்சலின் ‘அனுப்புநர்’ வரியில் தெரியும் பெயர் அனுப்புபவர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்வது. அஞ்சல் உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதைப் போன்றது. மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்க 1982இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டப் பின்னாளில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அடுக்குகள் சேர்க்கப்பட்டன. ஒரு டொமைனின் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு உரிமை உண்டு என்று முதலாவது சொல்கிறது. மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு மின்னொப்பமிடுகிறது இரண்டாவது. இவ்விரண்டும் பொய்த்துப்போனால் மடலை என்ன செய்வது என்று பெறுநருக்கு அறிவிக்கிறது மூன்றாவது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மடல்கள் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது.

இதனால் நேர்ந்த நன்மை பெரிது. இந்த ஏற்பாட்டைக் கண்டிப்பாகச் செய்துவைத்துள்ள ஒரு கடையின் உண்மையான டொமைனையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு ஏமாற்றுவது இப்போது எளிதல்ல. ஆனால் மோசடிக்காரர் அதைச் செய்யத் தேவையே இல்லை. கடைப் பெயரைப் போன்ற ஒரு புதிய டொமைனைத் தம் பெயரில் வாங்கி, அதற்கு மூன்று அடுக்குகளையும் முறைப்படி அமைத்து, எல்லாச் சோதனைகளிலும் தேறிய மடலை அனுப்பலாம். ‘இந்த மடல் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது’ என்று சோதனை சான்றளிக்கும். அந்த டொமைன் யாருடையது என்று அது சொல்லாது. ஜிமெயிலில் 2023 மே மாதம் அறிமுகமான நீல நிறச் சரிபார்ப்புக் குறி இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தது. அடுத்த மாதமே, ஒரு பெரிய பார்சல் நிறுவனத்தின் பெயரில் நீலக் குறியோடு வந்த போலி மடலைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் வெளிக்காட்டினார். கூகுள் விதியை இறுக்க வேண்டியதாயிற்று.

பூட்டுக் குறியின் கதையும் இதுதான். முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் தளம் நம்பத்தக்கது என்று நெடுங்காலம் சொல்லித் தந்தார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகு போலித் தளங்களும் பூட்டோடு வரலாயின. பூட்டு சொல்வதெல்லாம் நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான பேச்சை மூன்றாமவர் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான். எதிரில் இருப்பவர் திருடனா இல்லையா என்பது அதன் வேலை அல்ல. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023 செப்டம்பரில் குரோம் அந்தக் குறியையே எடுத்துவிட்டது. எழுத்துப் பிழைகளைப் பார், ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்ற பொது விளிப்பைப் பார் என்ற அறிவுரைகளும் தேய்ந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் பிழையற்ற மடலை நொடியில் எழுதித் தருகின்றன. கசிந்த தரவுத்தளங்களிலிருந்து நம் பெயரும் சில நேரங்களில் முகவரியும்கூட அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. பிழை இருந்தால் போலி என்று இன்றும் கொள்ளலாம். பிழை இல்லாததால் உண்மை என்று கொள்ள முடியாது.

மிஞ்சுவது டொமைன் ஒன்றுதான். அதைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த முறை நம் படிக்கும் பழக்கத்துக்கு எதிரானது. முகவரியின் தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்கு இடப்புறம் இருக்கும் சொல்லே பொதுவாகத் தளத்தின் உரிமையாளரைக் காட்டும் (சில நாடுகளின் முகவரிகளில் கடைசி இரண்டு துண்டுகளையும் தாண்டிப் பார்க்க வேண்டும்). அதற்கு இடப்புறம் இருப்பதெல்லாம் அந்த உரிமையாளர் தம் விருப்பப்படி எழுதிக்கொண்ட அலங்காரம். கடையின் முழு முகவரியையும் அப்படியே முன்னால் போட்டு, அதற்குப் பின் புள்ளி வைத்து, தம் சொந்த டொமைனை வலக்கோடியில் ஒளித்துவைப்பது பழைய தந்திரம். கைபேசியின் குறுகிய பட்டையில் அந்த வலக்கோடி வெட்டுப்பட்டுப்போனால் தந்திரம் நிறைவேறிவிடும். ஆங்கிலத்தில் ஆர் என்ற சிறிய எழுத்தும் என் என்ற எழுத்தும் நெருங்கி நின்றால் எம் போலத் தோன்றுவதையும், ரஷ்ய மொழி முதலியவற்றை எழுதும் சிரிலிக் எழுத்துகள் சில ரோமன் எழுத்துகளின் இரட்டைப் பிறவிகளாக இருப்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2017இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை முழுக்கச் சிரிலிக் எழுத்துகளிலேயே அமைத்து, அன்றைய குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கண்ணால் வேறுபாடு காண முடியாது என்று காட்டினார். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டும் மென்பொருளுக்கு வெவ்வேறு எண்கள். பிட்வார்டன் தன் வேலையைச் செய்வது இந்த மட்டத்தில்தான்.

இங்கே கடைகளின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். விளம்பர மடல்களில் உள்ள இணைப்புகளை யார் அழுத்தினார்கள் என்று கணக்கெடுப்பதற்காக, உண்மையான கடைகளே மூன்றாம் நிறுவனங்களின் நீண்ட, புரியாத முகவரிகள் வழியாக வாடிக்கையாளரைச் சுற்றி அனுப்புகின்றன. கருத்துக்கணிப்புக்கு ஒரு டொமைன், பார்சல் நிலவரத்துக்கு இன்னொன்று, பரிசுச் சலுகைக்கு வேறொன்று என்று பிரித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அறிமுகமில்லாத முகவரியை அழுத்துவது இயல்பு என்று ஆண்டு முழுக்கப் பழக்கிவிட்டு, அறிமுகமில்லாத முகவரியை அழுத்தாதீர்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை அறிவுரை அனுப்புவதில் பொருளில்லை.

பிட்வார்டனின் முக்கியமான குறைக்கு வருகிறேன். அதன் மௌனத்துக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பக்கம் போலியாக இருந்தாலும் அது நிரப்பாது. பக்கம் உண்மையாக இருந்து, அதன் படிவம் மென்பொருளுக்குப் புரியாத வகையில் எழுதப்பட்டிருந்தாலும் அது நிரப்பாது. இரண்டாவது வகை அரிதல்ல. மின்னஞ்சலை ஒரு திரையிலும் கடவுச்சொல்லை மறு திரையிலும் கேட்கும் தளங்களும், கட்டங்களை வழக்கத்துக்கு மாறாக அமைத்திருக்கும் தளங்களும் எந்த மேலாளரையும் தடுமாற வைக்கும். அப்படிப் பத்து முறை தடுமாறியதைப் பார்த்த பயனர், பதினோராவது முறை அது உண்மையான எச்சரிக்கையாக இருக்கும்போதும் ‘மறுபடியும் படுத்துக்கொண்டது’ என்றே நினைப்பார்.

என் அக்காவின் கணினியில் இதை நிறுவிக் கொடுத்த சில மாதங்களில் அவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. “தம்பி, நீ போட்டுக் கொடுத்தது கெட்டுப்போச்சு. கடையில பணம் கட்டுற முறையைப் புதுப்பிக்கச் சொல்றாங்க, இது பாஸ்வேர்டைப் போட மாட்டேங்குது” என்றார். மடல் எப்போது வந்தது என்று கேட்டேன். “இப்பத்தான், இன்னும் ரெண்டு மணி நேரத்துல கணக்கை மூடிடுவாங்களாம்” என்றார். கெட்டுப்போகவில்லை, அதுதான் வேலை செய்கிறது என்று புரியவைக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அக்காவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கேமரா மடலின் முன் நானும் அதே சலிப்போடுதான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மௌனங்களையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அறிமுகக் குறிப்புகளில் இதற்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. உலாவியின் மேற்பகுதியில் உள்ள பிட்வார்டன் சின்னத்தின் மீது ஒரு சிறிய எண் தோன்றும். திறந்திருக்கும் தளத்துக்கு உரிய கணக்குகள் பெட்டகத்தில் எத்தனை உள்ளன என்பதே அந்த எண். பெட்டகம் திறந்திருக்கும்போது, எண் இருந்தும் கட்டம் நிரம்பவில்லை என்றால் படிவத்தில்தான் கோளாறு. ஏற்கெனவே கணக்குச் சேமித்த கடையாக இருந்தும் எண்ணே இல்லை என்றால், நாம் நின்றுகொண்டிருப்பது அந்தக் கடையின் வாசல் அல்ல. இந்த எண்ணை மறைத்துவைக்கவும் அமைப்புகளில் ஒரு தேர்வு உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பக்கம் திறந்தவுடனே தானாக நிரப்பும் தேர்வு இயல்பாக அணைந்திருக்கிறது. அதையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

பொருத்தும் முறையைப் பயனரின் கையில் விட்டிருக்கிறது என்றேன். இயல்பான அமைப்பில் அடிப்படை டொமைன் ஒத்திருந்தால் போதும். அதாவது ஒரே உரிமையாளரின் கீழுள்ள எல்லாத் துணைப் பகுதிகளிலும் கணக்கு தோன்றும். இதை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக இறுக்கி, குறிப்பிட்ட துணைப் பகுதியில் மட்டும், அல்லது குறிப்பிட்ட முழு முகவரியில் மட்டும் தோன்றுமாறு செய்யலாம். ஒரே நிறுவனம் பல நாடுகளில் பல டொமைன்களை வைத்திருந்தால், அவற்றைச் சமமானவை என்று கொள்ளும் ஆயத்தப் பட்டியல் ஒன்றும் உள்ளது. பெரிய கடைகளுக்கு இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் மேலே சொன்ன வீண் மௌனங்கள் இன்னும் பெருகியிருக்கும்.

ஆனால் காவலாளி வாசலில் நிற்கும்போதே வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்துத் திருடனுக்குச் சாவி கொடுக்கலாம். பெட்டகத்தைத் திறந்து, தேடி, கடவுச்சொல்லை நகலெடுத்து, போலிப் பக்கத்தில் ஒட்டுவதை இந்த மென்பொருள் தடுக்காது. அதைவிடத் தீங்கானது ‘நிரப்பிச் சேமி’ என்ற பொருளில் இருக்கும் தேர்வு. பொருந்தாத பக்கத்தில் ஒரு கணக்கைத் தேடி எடுத்து இதை அழுத்தினால், கடவுச்சொல் அங்கே நிரப்பப்படுவதோடு அந்தப் பக்கத்தின் முகவரியும் கணக்கோடு சேர்ந்துகொள்கிறது. அன்றிலிருந்து அந்தப் போலித் தளமும் பெட்டகத்தின் பார்வையில் சொந்த வீடு. உண்மையான கடை டொமைனை மாற்றிக்கொள்ளும் நேரங்களில் இந்தத் தேர்வு பயன்படும் என்பதை மறுக்கவில்லை. அந்த நேரம் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்?

நகலெடுக்கும் கை நீளும் கணத்தில் நின்றுவிடுவதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன். மடலில் உள்ள இணைப்பை மூடிவிட்டு, பெட்டகத்தில் அந்தக் கடையின் பதிவுக்குப் போய், அங்கே சேமித்துள்ள முகவரியைத் திறக்கும் பொத்தானை அழுத்துகிறேன். மடல் சொன்ன செய்தி உண்மையென்றால் அது கணக்கின் உள்ளேயும் இருக்கும். ஆர்டர் பட்டியலில் கேமரா இல்லை என்றால் கேமராவே இல்லை. அமேசான், ஈபே போன்ற தளங்கள், தாங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்திகளைக் கணக்கின் உள்ளேயே பார்க்கும் வசதியை வைத்திருக்கின்றன. மடல் உண்மையா என்ற ஆராய்ச்சியில் இறங்காமல் அங்கே போய்ப் பார்ப்பதே சுருக்கமான வழி. கடவுச்சொல் மேலாளரை இப்படித் தொலைபேசிக் குறிப்பேடு போலப் பயன்படுத்துவதுதான் அதன் மிகச் சிறந்த பயன் என்று இப்போது நினைக்கிறேன், நிரப்புவதைவிட.

அதன் எல்லைக்கு வெளியே இருப்பவை குறைவல்ல. முதலாவது, வங்கி அட்டை. கடவுச்சொல்லோடு தள முகவரி சேமிக்கப்படுவதைப் போல அட்டை விவரங்களோடு சேமிக்கப்படுவதில்லை. எந்தக் கடையிலும் பயன்படுத்த வேண்டியது என்பதால் அப்படித்தான் இருக்க முடியும். ஆகவே, ‘பார்சலை மீண்டும் அனுப்பச் சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று உள்நுழைவே கேட்காமல் நேரே அட்டை எண்ணைக் கேட்கும் போலிப் பக்கத்தில் பிட்வார்டன் மௌனமாக இருக்காது. அட்டையை எடுத்து நீட்டவும் தயாராக இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் அட்டையை நான் பெட்டகத்தில் வைக்கவில்லை. இரண்டாவது, இணைப்பே இல்லாத மடல்கள். விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பி, ‘இது உங்களுடையதல்ல என்றால் இந்த எண்ணை அழையுங்கள்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அழைத்தால், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அங்கே டொமைன் என்ற பேச்சே எழாது. க்யூஆர் குறியீட்டை மடலில் படமாக வைத்து அனுப்புவது மூன்றாவது. கணினியில் இருக்கும் பாதுகாப்புகளை விட்டு விலக்கி நம்மைக் கைபேசிக்கு இழுப்பதே அதன் நோக்கம். கைபேசியிலும் பிட்வார்டன் இருந்தால், உள்நுழைவைப் பொறுத்தவரை அதே மௌனம் அங்கேயும் கிடைக்கும்.

காவலாளியின் வேடத்தையே போடுபவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் கூகுள் தேடலில் விளம்பரமாக வந்த ஒரு போலிப் பக்கம் பிட்வார்டனின் இணையப் பெட்டகத்தைப் போலவே அமைந்து, முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்டது. பெட்டகத்தின் சாவி பெட்டகத்துக்குள் இருக்க முடியாது என்பதால், இந்த ஓர் இடத்தில் அதன் டொமைன் ஒப்பீடு நமக்கு உதவாது. இணையப் பெட்டகத்தைத் தேடுபொறி வழியாகத் திறக்காமல் நீட்சியின் வழியாகவே திறப்பதும், கணக்குக்கு இரண்டாம் அடுக்காக ஒரு வன்பொருள் சாவியை (கருவியில் செருகி நம்மை உறுதிசெய்யும் சிறு பொருள்) வைப்பதும் இதற்கு மருந்து.

ஓடிபி இருக்கும்போது கடவுச்சொல் திருடுபோனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய போலிப் பக்கங்களில் பல, நாம் தட்டுவதை அதே நொடியில் உண்மையான கடைக்குக் கடத்தி, கடை அனுப்பும் ஓடிபியையும் நம்மிடமே கேட்டு வாங்கி, திறந்த கணக்கைத் தம் கையில் எடுத்துக்கொள்கின்றன. இதை வேரோடு தடுப்பது, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமித்த மறைச்சாவி ஒன்றால் உள்நுழைய வைக்கும் பாஸ்கீ. டொமைன் பொருத்தத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை அது உலாவிக்கும் நெறிமுறைக்கும் கொடுத்துவிடுகிறது. நகலெடுத்து ஒட்டுவதற்கு அதில் சொல் எதுவும் இல்லாததால் சுவரேறிக் குதிக்கும் வழியும் அடைபடுகிறது. 2017இல் வன்பொருள் சாவிகளைக் கட்டாயமாக்கிய பிறகு தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களில் எவருடைய பணிக் கணக்கும் இவ்வகை மோசடியில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் சொன்னது. பாஸ்கீயும் அதே அடிப்படையில் இயங்குவதுதான். அமேசான் 2023 அக்டோபரில் இதைத் தொடங்கியது. பிட்வார்டன் நீட்சி அடுத்த மாதமே பாஸ்கீகளைச் சேமிக்கத் தொடங்கியது. பாஸ்கீ வைத்த பிறகும் பழைய கடவுச்சொல்லால் உள்நுழையலாம் என்று பல கடைகள் விட்டுவைத்திருப்பதால், இன்னும் சில காலத்துக்கு மௌனத்தைக் கவனிக்கும் பழக்கம் தேவைப்படும்.

ஏமாந்து கொடுத்துவிட்டவர்கள் செய்ய வேண்டியதில் பிட்வார்டனின் பங்கு சிறியது, ஆனால் உருப்படியானது: ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை அதன் உருவாக்கி மூலம் வைத்திருந்தால் ஒரே ஒரு கதவின் பூட்டை மாற்றினால் போதும். கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் தேர்வை அழுத்தி, கணக்கில் புதிய முகவரியோ கைபேசி எண்ணோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் முதல் அழைப்பு வங்கிக்குப் போக வேண்டும், கடைக்கு அல்ல.

ஐந்துக்கு நான்கு என்பது என் மதிப்பெண். குறைத்த ஒன்று, மௌனத்தை விளக்காத குற்றத்துக்காக. நிரப்பாமல் நிற்கும் அந்தக் கணத்தில், கட்டத்தின் அருகே ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: ‘இந்தத் தளத்துக்கு உங்களிடம் கணக்கு இல்லை, பெயரளவில் இதற்கு நெருக்கமான கணக்கு ஒன்று வேறு தளத்துக்கு இருக்கிறது’. அந்த வரி இல்லாத இடத்தில் என் அக்கா தாமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். சின்னத்தின் மீதுள்ள எண்ணைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சுப் பலகைக்குக் கையைக் கொண்டுபோகிறார். எண் இல்லாத நாளில் எனக்கு அழைப்பு வருகிறது. போன மாதம் இரண்டு முறை வந்தது. ஒன்று போலித் தளம். இன்னொன்று, பெட்டகத்தைத் திறக்க அவர் மறந்திருந்தார்.